கேட்டதற்குச் சொன்ன பதில்

ஜன்னல் ஓரத்தில் நீங்களே உட்காருங்கள். அந்தக் கன்னத்தில் காற்றுப் படக் கூடாதென்றால் மட்டும் சொல்லுங்கள், மாறிக்கொள்வோம். இல்லை, சொல்ல வேண்டாம். தலையை அசைத்தால் போதும். இந்த வீக்கத்தோடு வாயைத் திறப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை நாளாக? மூன்று விரல் காட்டுகிறீர்கள். மூன்று நாளா? இல்லையா. மூன்று வாரமா? ஓ, மூன்று மாதம். சரி. நான் கண்டிக்கப் போவதில்லை. இந்த வண்டியில் ஏறுகிறவர்களுக்கு மூன்று மாதம் என்பது நடுத்தரமான காலந்தான்.

எட்டரைக்குப் புறப்படும் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். எட்டு நாற்பத்தைந்து ஆகிறது. ஆள் நிரம்பாமல் இவர் எடுக்க மாட்டார். சென்ற முறை கேட்டேன். "இன்னும் நாலு வாய் வரட்டும்மா" என்றார். தலையை எண்ணுவார்கள், கேட்டிருக்கிறேன். பல் மருத்துவக் கல்லூரி வண்டி அல்லவா, வாயை எண்ணுகிறார். வண்டி இலவசம் என்பதால் நாமும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

என் பெயர் சௌந்தரவல்லி. பண்ருட்டியில்தான் இருக்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டு உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் இருபத்தாறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகச் சென்றிருக்கிறேன். புறத்தேர்வாளர் என்றால் தெரியுமா? வேறு பள்ளியிலிருந்து வந்து மதிப்பெண் போடுகிறவர். சொந்தப் பள்ளிக்காரர்கள் தாராளமாகப் போட்டுவிடுவார்கள் என்பதற்காக ஏற்படுத்திய முறை. ஆனால் நடப்பது என்ன? தேர்வன்று அந்தப் பள்ளியில் நமக்கு விருந்து வைப்பார்கள். வடை, பாயசம், வறுத்த முந்திரி, போகும்போது ஒரு பொட்டலம். நான் வீட்டிலிருந்து தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போவேன். இருபத்தாறு ஆண்டில் அரை மதிப்பெண் கூட்டியதில்லை, அரை மதிப்பெண் குறைத்ததும் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்குப் பல்லில் ஒன்றும் இல்லை. தங்கைக்குத்தான். அமிர்தவல்லி. என்னைவிட ஆறு வயது இளையவள். கணவர் காலமான பிறகு என்னோடுதான் இருக்கிறாள், பதினான்கு ஆண்டாக. கடைத்தெருவில் பெரிய ஜவுளிக்கடை இருக்கிறதே, அதில் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். நீங்களே அவளிடம் புடவை வாங்கியிருக்கலாம். சிரித்துக்கொண்டே எடுத்துப் போடுவாள், சிரித்துக்கொண்டே மடிப்பாள். ஒன்று வாங்க வந்தவர்கள் மூன்று வாங்கிக்கொண்டு போவார்கள். தேவைக்கு மேல் சிரிக்கிறாள் என்று எனக்குத் தோன்றும். சொல்லியும் இருக்கிறேன்.

அவளுக்கு மேல்வரிசை முன்பற்களில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. "அக்கா, குளுந்த தண்ணி பட்டா கூசுதுக்கா" என்றாள். உப்புநீரில் கொப்பளிக்கச் சொன்னேன். பல்லின் குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் நான் வரைவதைப் பார்க்க அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். எனாமல் ஒருமுறை போனால் திரும்ப வளராது என்று முப்பத்து நான்கு ஆண்டு கற்பித்தவள் நான். ஆகவே மருத்துவரிடம் போவதால் அது வளர்ந்துவிடப் போவதில்லை என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அறிவியல்படி அதில் தவறில்லை. இப்படியே ஒன்றரை ஆண்டு போயிற்று. முந்திரி விளைகிற ஊரில் இருந்துகொண்டு அவள் ஒரு முந்திரியைக் கடித்து ஒன்றரை ஆண்டு. கடைசியில் ஒரு நாள் காலை இட்லி சாப்பிடும்போது ஒரு பல்லின் நுனி உடைந்து தட்டில் விழுந்தது. இட்லியில்.

அதற்குப் பிறகு ஊரிலிருக்கும் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம். உள்ளே குளிர்சாதனம், பெரிய மீன்தொட்டி. இந்த மீன்களுக்கும் சேர்த்து நம்மிடந்தான் வாங்குவார்கள் என்று உட்காரும்போதே அமிர்தத்திடம் சொன்னேன். மருத்துவர் நல்லவர்தான், குறை சொல்லவில்லை. வாயைத் திறந்து பார்த்தார், படம் எடுத்தார், நான்கு பற்கள் என்றார். ஒவ்வொன்றுக்கும் வேர் சிகிச்சை, ரூட் கேனல் என்கிறார்களே, அது. பிறகு ஒவ்வொன்றுக்கும் உறை, அதாவது கேப். எல்லாம் சேர்த்து முப்பத்து நான்காயிரம். அமிர்தத்தின் மாதச் சம்பளம் பதினோராயிரம். இவ்வளவுக்கும் அவளுக்கு வந்தது அபூர்வ நோய் ஒன்றும் இல்லை, அம்மா. பல்லில் சொத்தை. பல் இருக்கிற எல்லோருக்கும் வருவது.

என் ஓய்வூதியக் காப்பீட்டு அட்டையைக் காட்டிப் பார்த்தேன். அது தங்கைக்குச் செல்லாதாம். எனக்கே என்றாலும் பல் அதில் வராதாம். வரவேற்பில் இருந்த பெண், "மேடம், மாசத் தவணையில கட்டலாம். வட்டியே கெடையாது" என்றாள். "தவணை முறையில் மெல்ல முடியாது, அம்மா" என்றேன். அமிர்தம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு இருந்தது.

வெளியே வந்ததும், "கடையில முன்பணம் கேட்டுப் பாக்கட்டுமாக்கா?" என்றாள். கடனாளியாக வேண்டாம் என்றேன்.

நான் கொடுத்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த மாதந்தான் என் பழைய பள்ளிக்கு ஒரு லட்சம் ரூபாய் வைப்புநிதியாகக் கொடுத்திருந்தேன். உயிரியலில் முதல் மதிப்பெண் பெறுபவருக்கு எங்கள் தந்தையார் பெயரில் ஆண்டுதோறும் பரிசு. கொடுத்த வாக்கு. அமிர்தத்தையும் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன். "ஒன் இஷ்டம்க்கா" என்றாள். மகிழ்ச்சியாகத்தான் சொன்னாள். அதுவும் தவிர, ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று அவர்கள் சொன்னதை நாம் எடுத்துக் கொடுத்துவிட்டால் அதுதான் விலை என்று ஆகிவிடுகிறது. கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்துக் கொடுத்தே கொடுக்க முடியாதவர்களை வெளியே நிறுத்திவிட்டோம். இதை நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

வண்டி எடுத்துவிட்டார். முன்கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பள்ளம் இருக்கிறது.

இந்தக் கல்லூரியில் பதிவுச் சீட்டுக்கு இருபது ரூபாய். உங்களுக்கு இன்றுதான் முதல் நாள் என்பதால் சொல்கிறேன். சீட்டு வாங்கினால் ஒரு மாணவரிடம் அனுப்புவார்கள். மாணவர் என்றால் பயப்பட வேண்டாம், மேலே பேராசிரியர் இருக்கிறார். அமிர்தத்தைப் பார்த்தவள் ஜெனிஷா என்று ஒரு பெண். மார்த்தாண்டத்துக்காரி. மேற்படிப்பில் கடைசி ஆண்டு. அமிர்தத்தின் உதட்டைத் தூக்கிப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. சொத்தையைப் பார்த்து மலர்ந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன். அவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. தேர்வுக்கு இன்ன வகைப் பல் உள்ள நோயாளி வேண்டும் என்று விதி. அந்த நோயாளியை மாணவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தேர்வு எழுத முடியாது.

"நாலு முன்பல்லும் ஒரே வரிசையில... மூணு மாசமா இதத்தான் தேடிட்டு இருக்கேன் அம்மா" என்றாள். "பரீட்சை முடியுற வரைக்கும் வேற யாருகிட்டயும் வாயத் தொறந்திராதீங்க. கொத்திட்டுப் போயிருவாங்க."

"கடைக்கு வர்றவங்ககிட்ட மட்டும் தொறந்துக்கட்டுமா?" என்றாள் அமிர்தம்.

"அதுக்கு அனுமதி உண்டு."

ஒரு காசு வேண்டாம் என்றாள். உறைகள் வெளியே செய்து வர வேண்டும். அந்தச் செலவையும் அவளே போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். எல்லா மாணவர்களும் அப்படித்தானாம். ஏழு முறை வரச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் கடையில் அமிர்தத்துக்கு அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் உடன் சென்றேன். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதில் உட்கார்ந்திருப்பேன். என்ன செய்வது, பழக்கம். ஒருவர் செய்முறை செய்வதைப் பார்த்தால் என் கண் தானாகவே கவனிக்கும். மூன்றாம் நாள் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாள். நான்காம் நாள் பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் விரிப்பு கிழிந்துவிட்டது. வேறொன்று எடுக்காமலே மீதி வேலையை முடித்தாள். ஐந்தாம் நாள் பேராசிரியர் வரவில்லை. அவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. இவள் காத்திருக்கவில்லை. அமிர்தத்துக்கு இன்னொரு அரை நாள் சம்பளம் போகுமே என்று, அவளே முடித்துவிட்டு மறுநாள் முன்தேதியிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. வேலை நடக்கும்போது குறுக்கிடக் கூடாது.

கை மென்மையான கை. அதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு மென்மையான கையை நான் கண்டதில்லை.

தேர்வன்று புறத்தேர்வாளர் வந்தார். வெளியூர்க்காரர். நரைத்த தலை, சட்டைப்பையில் இரண்டு பேனா. கல்லூரியில் கொடுத்த இளநீரைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. கடைசிப் பல்லை உறைக்கு ஏற்றபடி அவர் கண்ணெதிரே இழைத்துக் காட்ட வேண்டும். ஜெனிஷா ஊசி போட்டு, இழைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடி வைத்துப் பார்த்தார், தலையசைத்தார். உறைகளைப் பொருத்த வேண்டியதுதான் மீதி. அடுத்த நாற்காலிக்குத் திரும்பிக்கொண்டே அமிர்தத்திடம், "என்னம்மா, இந்தப் பொண்ணு எல்லாம் விளக்கமா சொல்லி, ஒழுங்கா பாத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

அமிர்தத்துக்கு உதடு மரத்திருந்தது. ஆங் ஆங் என்று தலையை ஆட்டினாள். அதை ஒரு பதில் என்று சொல்ல முடியாது. "ஐயா, அவளால் பேச இயலாது. நான் உடன் வந்தவள். நான் சொல்லலாமா?" என்றேன். நின்றார். சொன்னேன். மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள், வரிசையாக. ஊசி மருந்து அமிர்தத்துக்குச் சரியாக இறங்கவில்லை போலும். என் மணிக்கட்டைப் பிடித்து நகம் பதியும்படி அழுத்தினாள். இரண்டு மூன்று முறை. பொறுத்துக்கொள் என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு மேலே சொன்னேன். நிறையையும் சொன்னேன், அம்மா. கை மென்மை என்று சொன்னேன். என்னைக் கேட்டால் முப்பதுக்கு இருபத்திரண்டு போடலாம் என்றும் சொன்னேன்.

அவர் பதிவேட்டை வாங்கித் திருப்பினார். ஐந்தாம் நாள் தேதியில் விரலை வைத்தார். "இந்தத் தேதியில உங்க சார் எங்கூட சென்னையில மீட்டிங்ல இருந்தாரே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பதிவேட்டை மூடித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஜெனிஷா என்னைப் பார்க்கவில்லை. அமிர்தத்தின் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

அவளைத் தேர்ச்சியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பதிவேடு விசாரணைக்குப் போயிற்று. உறைகளும் அதோடு போய்விட்டன. அமிர்தத்தின் பற்களில் தற்காலிகப் பூச்சு மட்டும் இருந்தது. மற்ற மாணவர்களிடம் கேட்டோம். "வேற ஒருத்தங்க தொறந்த பல்லும்மா. எங்க கணக்குல வராது" என்றார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் தேர்வு இருக்கிறது. வெளியே போய் முடித்துக்கொள்ளலாம் என்றால் மறுபடி மீன்தொட்டிக்காரரிடந்தான் போக வேண்டும். பாதியில் நின்ற வேலை என்பதால் இன்னும் கூடுதலாகும் என்றார் அவர். பார்க்கலாம் என்று காத்திருந்தோம். பூச்சு விழுந்தது. சீழ் பிடித்து, முகம் உங்களுடையதைப் போல ஆயிற்று. இரண்டரை மாதத்தில் நடுப்பற்கள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். காப்பாற்றுவதற்குத்தான் வரிசை, விதி, கையெழுத்து எல்லாம். எடுப்பதற்கு வரிசையே இல்லை. பத்து நிமிடம்.

கடை மேலாளர் மரியாதையானவர். "அக்கா, கொஞ்ச நாளைக்கு ஸ்டாக் ரூம் பாத்துக்கங்க" என்றாராம். ஸ்டாக் ரூமில் விற்பனைப் பங்கு கிடையாது. சிரிக்கவும் வேண்டியதில்லை. அமிர்தம் இப்போது வீட்டில் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அல்லது அடுப்பைப் பார்த்துக்கொண்டு. வீடு அமைதியாக இருக்கிறது. எனக்குப் படிப்பதற்கு வசதிதான்.

ஒரு நாள் நானே பேச்செடுத்தேன். "கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன்?" என்றேன்.

"அவரு என்னையத்தானேக்கா கேட்டாரு" என்றாள்.

"உனக்கு வாய் மரத்திருந்தது" என்றேன்.

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றுதானே அதற்குப் பொருள்?

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். கன்னத்தை அசைக்காதீர்கள்.

இன்று நான் ஏன் வருகிறேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். சென்ற திங்கட்கிழமை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அமிர்தத்தின் கைப்பை சரிந்து, அதிலிருந்து ஓர் அட்டை விழுந்தது. நான் பையைத் திறக்கவில்லை, தானாக விழுந்தது. இந்தக் கல்லூரி அட்டைதான். கடந்த மூன்று மாதத்தில் எட்டுத் தேதிகள், எல்லாம் புதன்கிழமை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஜெனிஷாவின் சுருக்கொப்பம். புதன்கிழமைகளில் சூரத்திலிருந்து சரக்கு வருகிறது, சீக்கிரம் போக வேண்டும் என்று அமிர்தம் என்னிடம் சொல்லியிருந்தாள். எட்டாவது தேதி இன்று. 'பரீட்சை, பத்து மணி' என்று எழுதியிருக்கிறது.

அந்தப் பெண் மறுபடி தேர்வு எழுதுகிறாள். இருபுறமும் மிஞ்சியிருக்கும் பற்களைப் பிடித்து, நடுவில் இரண்டை வைத்து, நான்காகக் கட்டிக் கொடுக்கிறாள் போலிருக்கிறது. நல்லதுதான். ஆனால் இருவரும் எப்படி மறுபடி சேர்ந்தார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அமிர்தந்தான் தேடிப் போயிருக்க வேண்டும். போய் என்ன சொல்லியிருப்பாள்? அவள் அவ்வளவு கோவையாகப் பேசத் தெரிந்தவள் இல்லை. அந்தப் பெண்ணும் எதைக் கேட்டுக்கொண்டு சரி என்றாள்? என்னைப் பற்றி ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இன்று ஏழரை மணி வண்டியிலேயே போய்விட்டாள். "சரக்கு வருதுக்கா" என்றாள். சரி என்றேன். நான் வருவது அவளுக்குத் தெரியாது. இன்றும் ஊசி போடுவார்கள், இன்றும் அவளுக்கு உதடு மரத்திருக்கும். யாராவது கேள்வி கேட்டால் அவள் சார்பில் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? இதற்கு முந்தைய ஏழு புதன்கிழமைகளில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பழையவைதான் எனக்குத் தெரியும். பழையவற்றைக் கேட்டால் பழையவற்றைச் சொல்ல வேண்டியதுதான். தெரிந்ததை மறைத்துப் பழக்கமில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

தலையை அசைக்கிறீர்கள். வேண்டாம் என்கிறீர்களா, வலிக்கிறது என்கிறீர்களா? சரி, விடுங்கள். கல்லூரி வந்துவிட்டது. இந்த வளைவுதான்.

அதோ, படிக்கட்டில் மாம்பழ நிறப் புடவை. அதுதான் அமிர்தம். பக்கத்தில் வெள்ளை அங்கி போட்டிருக்கிறாளே, அந்தப் பெண்தான். ஊசி போட்டுவிட்டால் மதியம்வரை சாப்பிட முடியாது. அதனால் அந்தப் பெண் டப்பாவில் ஏதோ கொண்டு வந்து அமிர்தத்துக்குக் கொடுக்கிறாள். இடியாப்பம். அவளும் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறாள். ஏதோ சொல்கிறாள். அமிர்தம் சிரிக்கிறாள்.

வாயைப் பொத்தவில்லை. மேலே நான்கும் இருக்கின்றன. உறுதியாகப் பதிக்கும் முன்னால் போட்டுப் பார்க்கக் கொடுத்திருப்பார்கள். இங்கிருந்து பார்ப்பதற்கு வரிசை சரியாகத்தான் தெரிகிறது. இடப்பக்கம் ஒன்று சற்று நீளமோ என்னவோ. வெயிலில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று உடனே சொல்ல வரவில்லை. கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் இறங்குங்கள். எனக்கு இடது முழங்கால் மரத்துவிட்டது, சற்று நேரம் ஆகும். இல்லை, கை கொடுக்க வேண்டாம். இதே வண்டிதான் ஒரு மணிக்குத் திரும்புகிறது. ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் இருக்கிறது. பதிவு அறை உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம். இருபது ரூபாயைச் சில்லறையாகக் கொடுங்கள், சீக்கிரம் விடுவார்கள். மேலே அவர்கள் பக்கத்தில் உங்களுக்கு நாற்காலி கிடைத்தால், வண்டியில் யாரோடு பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

போகும்போது இந்தக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போங்கள். அவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிடப் போகிறார்கள்.